பிக்கப் பேட்டரியில் பூத்திருக்கும் நீலப் பொடி... இதெல்லாம் தெரியுமா?

குட்டி யானையோ, பொலேரோ பிக்கப்போ, தோஸ்தோ, எந்த வண்டியாக இருந்தாலும் சரி, பேட்டரியை ஒரு தடவை குனிந்து பாருங்கள். கேபிள் வந்து சேரும் இடத்தில் நீலமும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறதா? அது என்ன தெரியுமா? மயில்துத்தம்! நாட்டு மருந்துக் கடையில் கட்டி கட்டியாக விற்கிறார்களே, பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீலப் படிகமாகப் பார்த்தோமே, திராட்சைத் தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகத் தெளிக்கிறார்களே, அதே காப்பர் சல்பேட். கடையில் வாங்காமலேயே உங்கள் வண்டி அதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது!

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். கேபிளில் இருப்பது செம்பு. அமிலம் எப்படியோ வெளியே வந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, செம்பைக் கரைத்து நீலமாக்குகிறது. அந்த நீலத்தில் இருக்கும் ஒவ்வொரு துணுக்கும் உங்கள் கேபிளிலிருந்து கழன்றுபோன செம்பு! பக்கத்தில் சாம்பல் கலந்த வெள்ளையாகப் படிந்திருப்பது ஈய சல்பேட். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் கிடைத்ததால் ஆங்கிள்சைட் என்று பெயர் பெற்ற கனிமம் இருக்கிறதே, அதுவும் இதே ஈய சல்பேட்தான். பூமிக்கடியில் உருவாகும் ஒரு கனிமம் உங்கள் வண்டியிலேயே உருவாகிறது என்றால் நம்ப முடிகிறதா?

ஆனால் இந்த அதிசயத்தை ரசித்துவிட்டுத் துணியால் துடைத்துப் போட்டால் மட்டும் போதாது. துடைத்த இடத்தில் மறுபடியும் பூக்கும். அமிலம் எந்த வழியாக வெளியே வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை பூத்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டையே இல்லாத பேட்டரியும் கசியும், தெரியுமா?

உடைந்தால்தான் ஒழுகும் என்றுதானே நினைக்கிறோம்? வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. நிறைந்த பிறகும் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டே போனால், அந்த மின்சாரம் உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று இரண்டாகப் பிரித்துவிடும்! குமிழி குமிழியாக மேலே வந்து உடையும் அந்த வாயு, கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகளையும் தூக்கிக்கொண்டு மூடியின் சிறு துளை வழியாக வெளியேறுகிறது. மேலே பனிபோலப் படிகிறது. ஒரு விரிசலும் இல்லை, ஒரு சொட்டும் ஒழுகவில்லை, ஆனாலும் டெர்மினல் பூத்துவிடும்.

இன்னொரு வழி அதைவிட நுட்பமானது. ஈயக் கம்பம் பிளாஸ்டிக் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறதே, அந்த இணைப்பில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், இடுக்கு வழியே அமிலம் தானாகவே மேலே ஏறிவிடும். இடைவெளி எப்படி விழுகிறது? கிளாம்ப் இறங்கவில்லை என்று ஸ்பேனராலும் சுத்தியலாலும் தட்டுகிறோமே, அப்போது! ஈயம் மெத்தென்ற உலோகம். தட்டினால் கம்பம் அசைந்து மூடியின் பிடி விட்டுவிடும். கிளாம்ப்பின் வாயை ஸ்குரூ டிரைவரால் லேசாக விரித்துவிட்டால் தட்டாமலே உட்காரும்.

மூன்றாவது, டிஸ்டில்டு வாட்டரை வாய் நிறைய ஊற்றுவது. சார்ஜ் ஏறும்போது திரவம் விரியும், குமிழி வேறு கிளம்பும். பக்கவாட்டில் போட்டிருக்கும் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் அமிலம் பொங்கி வெளியே வராமல் என்ன செய்யும்?

இந்த மூன்றில் முதலாவதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டியை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரியின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது என்று பொருள். அந்த வண்டியில் எத்தனை புதுப் பேட்டரி மாற்றினாலும் அத்தனையும் கொதித்து, கசிந்து, வீணாகும். டெர்மினல் ஓயாமல் பூக்கிறது, ஆறு அறையிலும் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரமாகக் குறைகிறது என்றால் பேட்டரியைத் திட்டாமல் முதலில் ரெகுலேட்டரைப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷவாயு! எஞ்சினை நிறுத்திவிட்டு, நாற்றம் அடங்கும்வரை தள்ளி நில்லுங்கள்.

லைட் எரியும், செல்ஃப் எடுக்காது... ஏன் தெரியுமா?

எந்த ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலும் காதில் விழும் பேச்சு இது.

"அண்ணே, லைட் பளிச்சுனு எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கல. டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்."

"பேட்டரிய மாத்திடாத தம்பி. மொதல்ல டெர்மினலைக் கழட்டித் தொடச்சிட்டு அடி."

துடைத்ததும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும்! எப்படி இந்த மாயம்? கணக்கைப் பாருங்கள். பூத்துப்போன கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் வெறும் 0.01 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு! விளக்குக்குப் போவது சுமார் 10 ஆம்பியர். அதற்கு அந்தத் தடையில் இழப்பு 0.1 வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் டீசல் எஞ்சினைச் சுற்றும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அதே தடையில் 2 வோல்ட் பறிபோகிறது. 12-ல் 2 போனால் மிச்சம் 10. மோட்டார் திணறி நின்றுவிடும். போன 2 வோல்ட் எங்கே போயிற்று? 200 ஆம்பியரோடு பெருக்கினால் 400 வாட் சூடு! அதனால்தான் செல்ஃப் அடித்துப் பார்த்த கையோடு கிளாம்ப்பைத் தொட்டால் சுடுகிறது.

நிரம்பிய பேட்டரிக்கும் காலியான பேட்டரிக்கும் உள்ள வித்தியாசமே ஒரு வோல்ட் கிடையாது, தெரியுமா? ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 11.9-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. அப்படி இருக்கையில் ஒரு சிட்டிகைப் பொடி 2 வோல்ட்டை விழுங்குகிறது என்றால் அதன் பலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணால் பார்த்தால் மட்டும் நம்பும் ஆளா நீங்கள்? மல்டிமீட்டரின் கறுப்பு முனையை மைனஸ் கம்பத்தில் வையுங்கள். சிவப்பு முனையை எந்தக் கம்பத்திலும் வைக்காமல், பேட்டரியின் மேல் மூடியில், அந்த ஈர அழுக்கின் மேல் மெல்ல நகர்த்துங்கள். வெறும் பிளாஸ்டிக்கின் மேல் மீட்டர் வோல்ட் காட்டும்! அமிலம் ஊறிய அழுக்கு ஒரு வயராகவே மாறி, பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு இரவும் பகலும் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்து பார்க்க வேண்டும். ஆப்பச் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, காயவிட்டு மறுபடி வையுங்கள். அந்த வோல்ட் காணாமல் போயிருக்கும்.

வண்டியை ஸ்டார்ட் செய்வது ஐன்ஸ்டீன்!

இது கேட்க நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் முழு உண்மை. ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அவ்வளவு பெரிய கரு இழுக்கும் இழுப்பில், அதற்கு மிக நெருக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தில் ஓடுகின்றன! அந்த வேகத்தில் ஐன்ஸ்டீன் 1905-ல் சொன்ன சார்பியல் விதி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். எலெக்ட்ரான்களின் நடத்தையே மாறிப்போகும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் அஹூஜா, ஃபின்லாந்தின் ஹெல்சின்கியைச் சேர்ந்த பெக்கா பியூக்கோ உள்ளிட்ட விஞ்ஞானிகள் இதைக் கணக்கிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். பேட்டரியின் ஒரு அறை தரும் 2.1 வோல்ட்டில் ஏறத்தாழ 1.7 வோல்ட் இந்தச் சார்பியல் விளைவால் மட்டுமே வருகிறதாம்! ஆறு அறைக்குப் பெருக்கினால் சுமார் 10 வோல்ட். தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தால் இப்படி ஒரு பேட்டரி செய்ய முடியாமல் போனதற்கும் இதுதான் காரணம். காலையில் சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிக் கிளம்பும் ஒவ்வொரு பிக்கப்பும் சார்பியல் தத்துவத்தால் ஓடுகிறது!

இந்த ஈயப் பேட்டரியைக் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர், 1859-ல். இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவே பிரிப்பான் வைத்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அமிலத்தில் இறக்கினார். திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய உலகின் முதல் பேட்டரி பிறந்தது. அதே 1859-ல் கடல் தாண்டி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. அதைப் பார்க்கப் போனார் ராபர்ட் சீஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர். பம்ப்புக் கம்பியில் பிசுபிசுவென்று ஒட்டும் மெழுகை, வேலையாட்கள் வெட்டுக்காயத்துக்குத் தடவுவதைக் கவனித்தார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாஸலின்! இன்றைக்குத் துடைத்து மாட்டிய டெர்மினலின் மேல், அமிலமும் ஈரமும் அண்டாமல் இருக்க நாம் தடவுவது அதே வாஸலினைத்தான். ஒரே வருடத்தில் இரண்டு கண்டங்களில் தொடங்கிய இரண்டு கதைகள் நம் வண்டியின் பேட்டரியில் வந்து சந்திக்கின்றன!

சமையல் சோடாவின் சாகசம்

துடைக்கிற முறைக்கு வருவோம். முதலில் எதைக் கழற்ற வேண்டும் தெரியுமா? மைனஸை! வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்ததுதான். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் வால் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாய்ந்து ஸ்பேனர் அங்கேயே பற்றவைத்தது மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாட்டும்போது மைனஸ் கடைசி. குறியெல்லாம் அழிந்து எது பிளஸ் என்று தெரியவில்லையா? கம்பத்தின் தடிமனைப் பாருங்கள். பிளஸ் கம்பம் எப்போதும் மைனஸைவிடச் சற்றுத் தடியாகத்தான் இருக்கும்!

எஞ்சினை அணைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டு, அறைகளின் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கரைத்து, பூத்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும்! அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சோடியம் சல்பேட்டுமாக மாறுகிற காட்சி அது. நுரை வருகிறவரை அங்கே அமிலம் மிச்சம் இருக்கிறது. நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. இப்படித் தன் வேலை முடிந்ததைத் தானே காட்டும் மருந்து வேறு எது? பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, பழைய டூத் பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ கம்பமும் கிளாம்ப்பின் உட்புறமும் ஈய நிறத்தில் மின்னும்வரை தேய்க்க வேண்டும். இறுக்கி மாட்டிய பிறகுதான் வாஸலின். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அறைக்குள் போகக் கூடாது, போனால் உள்ளே இருக்கும் அமிலத்தையும் கெடுத்துவிடும்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிறார்களே, அது சரியா? பொடி போய்விடும், உண்மைதான். ஆனால் அமிலம் அமிலமாகவே வழிந்து கீழே இருக்கும் இரும்புத் தட்டிலும் சேஸிஸிலும் உட்கார்ந்துகொள்ளும். கோலா ஊற்றுவது இன்னும் மோசம், அதுவே ஓர் அமிலம், போதாததற்குச் சர்க்கரைப் பிசுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஆப்பச் சோடாவுக்கு ஈடு எதுவும் இல்லை.

காயவே காயாத துளி

கந்தக அமிலம் காயாது, தெரியுமா? சட்டையில் தெறித்த துளியில் உள்ள தண்ணீர் மட்டும் ஆவியாகும். அமிலம் அங்கேயே தங்கி, நேரம் ஆக ஆக இன்னும் வீரியமாகும்! பருத்தி நூலை அது மெல்ல மெல்ல அரித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்து எடுக்கும்போது சட்டையில் சல்லடை சல்லடையாக ஓட்டை! இதேதான் வண்டிக்கும் நடக்கிறது. பேட்டரிக்குக் கீழே சொட்டிய அமிலம் பெயின்ட்டைத் தூக்கி, இரும்பைத் தின்று, தட்டையே உதிர வைக்கும். பேட்டரி இருக்கும் இடத்துக்குக் கீழே வயரிங்கோ பிரேக் பைப்போ போகிற வண்டியாக இருந்தால் கவலை இன்னும் பெரிது. பேட்டரியைத் தூக்கி எடுத்து, அடியில் என்ன நிலைமை என்று பார்க்காமல் மேலே மட்டும் துடைப்பது பாதி வேலைதான். உலகில் எடைக் கணக்கில் மிக அதிகமாகத் தயாரிக்கப்படும் ரசாயனம் இந்தக் கந்தக அமிலம்தான், பாதிக்கு மேல் உரம் செய்யப் போகிறது. அப்படிப்பட்ட அமிலம் கண்ணில் தெறித்தால் ஒரு நொடியும் யோசிக்காமல் சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். கண்ணுக்குச் சோடா கூடவே கூடாது.

பேட்டரியைக் கொல்வது குளிரா, வெயிலா? வெயில்! வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பு இரண்டு மடங்கு வேகமெடுக்கும், ஆயுள் பாதியாகும். அதோடு மேடுபள்ளச் சாலையின் அதிர்வும் சேர்ந்தால்? பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் அது துள்ளி விழும். தகடுகளில் பூசியிருக்கும் பசை உதிர்ந்து அடியில் சேறாகச் சேரும், பெட்டியின் மூலையில் விரிசல் விழும். லோடு வண்டிகளில் கசிவுக்கு இந்தத் தளர்ந்த பட்டிதான் முக்கியக் காரணம் என்பேன். இரண்டு நட்டை இறுக்கினால் தீரும் விஷயம்!

விரிசல் விழுந்துவிட்டால்? எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரிப் பெட்டி பாலிப்ரோபிலீன் என்ற பிளாஸ்டிக். பசை எதுவும் அதில் சரியாக ஒட்டாது. நாலு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் ஓடும் வண்டியில் ஒழுகும். விரிசல் விட்ட பேட்டரியும் வீங்கிப்போன பேட்டரியும் மாற்றியே ஆக வேண்டியவை. வீங்கிய பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் வேண்டாம். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றிக்கொள்ளும்! தண்ணீர் அளவு பார்க்கத் தீக்குச்சி கிழிப்பது உயிரோடு விளையாடுவது, டார்ச் போதும். ஊற்றுவதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரும் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம்.

பேட்டரியையும் அரிப்பையும் ஒரே கூரையின் கீழ் ஆராய்ச்சி செய்யும் பெரிய நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, தெரியுமா? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்! உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. கடலோர ஊர்களில் மீன் ஏற்றும் வண்டிக்காரர்களுக்கு அந்த அரிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பேட்டரியை என்ன செய்கிறீர்கள்?

கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கி உருக்கி எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப் பேட்டரி செய்யலாம். உலகில் மிக அதிகமாக மறுசுழற்சி ஆகும் பொருள்களில் இதுவும் ஒன்று! ஆனால் அதைச் செய்கிற இடமும் விதமும் சரியாக இல்லாவிட்டால்? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் தலைநகர் டாக்கருக்கு அருகே தியாரோய் என்ற பகுதியில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணில் விளையாடிய குழந்தைகள் 18 பேர், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் இறந்துபோனார்கள். யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. முறையில்லாமல் பேட்டரி உடைப்பது அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அதனால் பழைய பேட்டரியை உடைத்து எடைக்கு வாங்குபவரிடம் போடாதீர்கள், புதுசு வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள், பில்லில் எழுதி வாங்குங்கள். ஒழுகிய பேட்டரியாக இருந்தால் நிமிர்த்தி, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். அந்த வேலைக்குப் போட்ட சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கை கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.